தடி ஹோஸும் ஒரு வாஷரும்

ஏப்ரல் 9

அன்புள்ள நட்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. கிழித்துப் போடுவதற்கு முன் கடைசி வரை படித்துவிடு. இது சமாதானக் கடிதம் அல்ல, வேலைக் கடிதம். சமாதானம் பேசுவதென்றால் உன் அண்ணனிடம் வாயால் சொல்லி அனுப்பியிருப்பேன். வேலை விஷயத்தை அவரிடம் சொல்லி அனுப்பினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நான் கம்ப்ரசர் என்பேன், அவர் உன் கடைக்கு வந்து கண்டன்சர் கேட்பார்.

இந்த மலை ஆஸ்பத்திரியில் மருந்து வைக்கிற குளிர் அறை ஒன்று இருக்கிறது. நாங்கள் வந்து சேர்ந்த நாளிலிருந்து அது பெயருக்குத்தான் குளிர் அறை. உள்ளே நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கம்ப்ரசர் கருகிப் போயிருந்தது. மேலிடத்தில் கேட்டுக் கேட்டுப் புதிய கம்ப்ரசர் வந்தது. மாட்டினேன். பைப்புகளை வெல்டு வைத்தேன். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை.

கேஸ் ஏற்றுவதற்கு முன் உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டுமே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வேக்கம் பம்பைப் பகல் முழுக்க ஓட விடுகிறேன். கேஜில் எண் நன்றாக இறங்குகிறது. பம்பை நிறுத்தி வால்வை மூடினால் மாடிப்படி ஏறுகிற மாதிரி மேலே ஏறுகிறது. கசிவு என்றால் எங்கே என்று தெரியவில்லை.

இன்சுலினும் தடுப்பு மருந்தும் ஐஸ் பெட்டியில்தான் வருகின்றன. உன் அண்ணன் வாராவாரம் வேனில் கீழே வந்து போவது அதற்குத்தான். மழை பிடித்தால் பாதை சரியும், வேன் நிற்கும் என்கிறார்கள். அதற்குள் அறை ஓட வேண்டும்.

என்னிடம் இருக்கிற ஹோஸ் பழசு. அதுதான் கசிகிறதோ என்று சந்தேகம். அதே மாதிரி புது ஹோஸ் ஒரு ஜோடி உன் அண்ணனிடம் கொடுத்துவிடு.

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால் பதில் வராது. அதனால் கேட்கவில்லை.

அண்ணி


ஏப்ரல் 16

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஹோஸ் அனுப்பவில்லை. காரணங்கள்:

தாங்கள் கேட்டிருப்பது கால் அங்குல ஹோஸ். அது கேஸ் ஏற்றுவதற்கு. உறிஞ்சுவதற்கு அதைப் பயன்படுத்துவது, தண்ணீர்த் தொட்டியை ஊசிமருந்துக் குழலால் காலி செய்வது போல. உறிஞ்சுவதற்குத் தடி ஹோஸ் வேண்டும்.

கேஜை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பம்பின் பக்கத்தில் என்று நினைக்கிறேன். அப்படியானால் அது பம்பின் நிலைமையைத்தான் சொல்லும். அறையின் பைப்புக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. தாங்கள் பம்பை நிறுத்தியதும் ஏறுவது கசிவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உள்ளே மிச்சமிருக்கும் காற்று மெல்லப் பரவி வந்து கேஜைத் தொடுகிறது, அவ்வளவே.

வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றினீர்களா?

நன்றாக இருக்கிறேன்.

கடை உரிமையாளர்


ஏப்ரல் 23

அன்புள்ள கடை உரிமையாளருக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் பாதை முழுக்கச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, "அவ என்ன எழுதியிருக்கா, திட்டியிருக்காளா" என்று கேட்டார். "மரியாதையா எழுதியிருக்கா" என்றேன். "அப்ப ரொம்பக் கோவமாத்தான் இருக்கா" என்றார்.

கேஜ் பம்பின் பக்கத்தில்தான் இருந்தது. நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அதிசயமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அதைக் கழற்றி, அறைக்குள் பைப் நுழைகிற இடத்தில், தூரத்து முனையில் மாட்டிப் பார்த்தேன். பம்பின் பக்கம் பிரமாதமாகக் காட்டிய அதே கேஜ், அங்கே போனதும் ஏதோ பம்பே ஓடாதது மாதிரி ஓர் எண்ணைக் காட்டுகிறது. இத்தனை நாள் பம்பையே உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. தடி ஹோஸ் போடு என்கிறாய். பம்பின் வாய் கால் அங்குலம்தான். அதில் எவ்வளவு அகலமான ஹோஸைச் செருகினாலும் எல்லாம் அந்தக் கால் அங்குல ஓட்டை வழியாகத்தானே போக வேண்டும்? அப்புறம் அகலம் எதற்கு? தெரியாமல்தான் கேட்கிறேன், வாதத்துக்கு அல்ல. கொஞ்சம் வாதத்துக்கும்தான்.

பின்னைக் கழற்றவில்லை. கழற்றினால் மறுபடி மாட்டுவதற்குள் வெளிக்காற்று உள்ளே போய்விடுமே.

இங்கே ஆஸ்பத்திரிச் சமையல்காரரின் மனைவிக்குத் தினமும் இன்சுலின் போட வேண்டும். மழைக்காலத்தில் அவர் மட்டும் கீழே இறங்கி, தெரிந்தவர் வீட்டு மாடியில் தனியாகத் தங்குவாராம், பாதை திறக்கும் வரைக்கும். "போன மழைக்கு நான் கீழ இருந்தப்பதான் பேரன் நடக்க ஆரம்பிச்சான்" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, விவரமாகச் சொன்னார்.

அண்ணி


ஏப்ரல் 30

அண்ணிக்கு,

பம்பின் இடது பக்கத்தில், எண்ணெய் பார்க்கிற கண்ணாடிக்கு மேலே, ஒரு பித்தளை மூடி இருக்கும். யாராவது அதன் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். சுரண்டிக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் இன்னொரு வாய் இருக்கிறது, பெரியது. பல பேருடைய பம்பில் அந்த மூடி பிறந்ததிலிருந்து திறக்கப்பட்டதே இல்லை.

அகலம் எதற்கு என்று கேட்டீர்கள். நானும் விற்கிறேனே தவிர, உட்கார்ந்து யோசித்ததில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டமில்லை. பின்கட்டில் கிடந்த காலி சிலிண்டரை எடுத்து, ஒரே பம்பில் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன்.

முதலில் கேஸ் ஏற்றும்போது மாட்டுகிற கேஜ் செட் வழியாக நீளமான மெல்லிய ஹோஸ். எண் இறங்குவதற்குள் ஒரு பெட்டி எல்போ பைப்பை அளவு பார்த்து அடுக்கி முடித்தேன், அப்போதும் பாதி வழிதான் வந்திருந்தது. பிறகு கேஜ் செட்டை எடுத்துவிட்டு அதே மெல்லிய ஹோஸைக் குட்டையாகப் போட்டேன். கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவதாக அரை அங்குலத் தடி ஹோஸ். டீ வாங்கி வைத்திருந்தேன். டீ ஆறுவதற்குள் எண் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. அகலம் இரண்டு மடங்கு ஆனால் வேகமும் இரண்டு மடங்கு என்றுதான் நினைத்திருந்தேன். அதைவிடப் பல மடங்கு.

அதற்கப்புறம் விளையாட்டாக, தடி ஹோஸின் முனையில் பின் உள்ள வால்வை வைத்துப் பார்த்தேன். அந்தச் சின்னப் பின் ஒன்று வழியில் நின்றதும், தடி ஹோஸ் மெல்லிய ஹோஸ் மாதிரி இழுத்துப் பறித்துக்கொண்டு நடந்தது. கழற்றியே ஆக வேண்டும். வெளிக்காற்று புகாமல் கழற்றுகிற கருவி இருக்கிறது. அதற்குச் சொந்தமாகச் சின்னக் கைப்பிடி வால்வு உண்டு. கழற்றி, வால்வை மூடி, திரும்ப மாட்டலாம். பார்சலில் வைத்திருக்கிறேன். தடி ஹோஸும் இருக்கிறது. குட்டையானதாகப் பார்த்து எடுத்தேன்.

இதையெல்லாம் பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருக்கலாம். நாம் இரண்டு பேர் சேர்ந்து திறந்த கடை. நீங்கள் மலைக்குப் போகப் போகிறீர்கள் என்பது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், நீங்கள் உங்கள் ஸ்பேனர்களைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது. ஏன் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நட்டு


மே 7

அன்புள்ள நட்டுவுக்கு,

மூடி இருந்தது. நீ சொன்ன இடத்திலேயே, நீ சொன்ன பெயின்ட்டோடு.

பின்னைக் கழற்றினேன். உன் ஹோஸை மாட்டினேன். பகல் முழுக்க அழுதுகொண்டிருந்த வேலை, நான் பக்கத்து அறைக்குப் போய் நர்ஸம்மாவிடம் ஒரு ஸ்டெபிலைசரைப் பார்த்துக் கொடுத்துவிட்டு வருவதற்குள் முக்கால்வாசி முடிந்திருந்தது. தூரத்து முனையிலிருக்கிற கேஜ்தான் சொல்கிறது, பம்பின் பக்கத்துப் பொய்க் கேஜ் அல்ல. நர்ஸம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். "நம்பர் குறையுறது நல்லதா கெட்டதா" என்று கேட்டார். நல்லது என்றேன். "எங்க டிபார்ட்மென்டுக்கு நேர் எதிர்" என்றார்.

ஆனால் சந்தோஷம் அங்கேயே நின்றுவிட்டது. ஆயிரத்துச் சொச்சத்தில் போய் எண் உட்கார்ந்துகொண்டது. ஐந்நூறுக்குக் கீழே போனால்தான் ஈரம் வெளியேறியது என்று நிம்மதியாகக் கேஸ் ஏற்ற முடியும். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அசையவில்லை. பம்பை நிறுத்தினால் நிதானமாக ஏறுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. ஈரம் மட்டும் என்றால் கொஞ்சம் ஏறி எங்காவது நிற்கும். இது நிற்கவில்லை என்றால் கசிவுதான். என் வெல்டில் கசிவில்லை, நுரை வைத்துப் பார்த்தாயிற்று. புதிதாக வந்தது உன் ஹோஸ் ஒன்றுதான். நான் எதுவும் சொல்லவில்லை, நீயே யோசித்துக்கொள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? "போயிட்டு வாங்கண்ணி" என்று வாயால் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் கல்லாவில் உட்கார்ந்திருப்பாய். அதைப் பார்த்துவிட்டு நான் போயிருக்க மாட்டேன். உன் அண்ணனுக்கு இந்த ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்பது உனக்குத் தெரியும். அவரைத் தனியாக அனுப்பினால் சட்டைப் பொத்தானைக்கூட மாற்றித்தான் போட்டுக்கொண்டு திரிவார். அதனால் சொல்லவில்லை. செய்தது சரியா என்று கேட்டால், எனக்கு இன்னும் தெரியவில்லை.

அண்ணி


மே 14

அண்ணி,

என் ஹோஸைச் சொல்கிறீர்கள். அனுப்புவதற்கு முன் நானே நைட்ரஜன் ஏற்றி, வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. நீங்கள் உங்கள் வெல்டுக்கு என்ன சத்தியம் செய்கிறீர்களோ, அதையே நான் என் ஹோஸுக்குச் செய்கிறேன்.

ஆக, இரண்டு பேரும் குமிழியை நம்புகிறோம், இரண்டு பக்கமும் குமிழி இல்லை, ஆனாலும் எங்கேயோ காற்று போகிறது. இது கோபப்பட வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. இதைவிடச் சுவாரசியமான ஒன்று இந்தக் கடைக்கு வந்து ரொம்ப நாளாகிறது.

ஒன்று செய்யுங்கள். பம்பு ஓடும்போதே, பின் கழற்றும் கருவியின் கைப்பிடி வால்வை மூடிவிடுங்கள். அப்போது அறையின் பைப் ஒரு பக்கம், ஹோஸும் பம்பும் இன்னொரு பக்கம் என்று பிரிந்துவிடும். உங்கள் கேஜ் அறையின் பக்கம் இருக்கிறது. எண் ஏறினால் கசிவு உங்களுடையது. நின்றால் என்னுடையது. எதுவாக இருந்தாலும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன் என்றது உண்மைதான். ஆனால் ரெண்டு நாளில் பசித்திருக்கும் அண்ணி. சாப்பிட்டிருப்பேன். பஸ் ஏற்றிவிடவும் வந்திருப்பேன். அந்த ரெண்டு நாளைக் கொடுக்காமல் போய்விட்டீர்கள் என்பதுதான் எனக்குக் குறை.

நட்டு


மே 21

அன்புள்ள நட்டுவுக்கு,

உள்ளது உள்ளபடி: நின்றது. வால்வை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது எண் துளி ஏறி, அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அறையின் பைப் சுத்தம். கசிவு உன் பக்கம்.

ஜெயித்துவிட்டேன் என்று உன் அண்ணனிடம் சொன்னேன். "யாரை" என்று கேட்டார்.

பிறகு வால்வைத் திறந்து பம்பை ஓட விட்டு, ஹோஸை முழம் முழமாகத் தடவிப் பார்த்தேன். உடம்பில் ஒன்றுமில்லை. முனையில் இருக்கிற நட்டை இன்னும் இறுக்கினேன் (உன்னைச் சொல்லவில்லை). பயனில்லை. ஏதோ தோன்றி, பம்பு எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து அந்த முனையின் இணைப்பில் விட்டேன். கேஜில் எண் சட்டென்று இருநூறு இறங்கியது. எண்ணெய் உள்ளே இழுபட்டதும் மறுபடி ஏறிவிட்டது. அடுத்த முனையிலும் அப்படியே. இரண்டு முனையிலும் உள்ள வாஷரைத் தாண்டித்தான் காற்று போகிறது.

அதே வாஷர், அதே நட்டு, அதே இறுக்கம். நீ நைட்ரஜன் ஏற்றியபோது எருமை மாதிரி அசையாமல் நின்றது. நான் உறிஞ்சும்போது வழி விடுகிறது. அழுத்தத்தைத் தாங்குகிற ஒன்று இதை ஏன் தாங்கவில்லை? உறிஞ்சல் என்று பெயர்தானே தவிர, அழுத்தத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லையே. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

இரண்டு நாளாக மழை. சமையல்காரரின் மனைவி பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். இந்தக் கடிதம் வருகிற வேனுக்கு அடுத்த வேனில் இறங்குகிறார். உன் அண்ணன் வந்ததும், தட்டை வாஷராக நாலு கொடுத்து அனுப்பு.

அந்த இரண்டு நாள் விஷயம். அது எனக்குத் தோன்றவில்லை நட்டு. பசிக்கும் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அண்ணி


மே 26

அண்ணி,

உங்கள் கடிதத்தை அண்ணன் கொடுத்துவிட்டு, மழைக்குப் பயந்து உடனே கிளம்பிவிட்டார். வாஷரை எடுத்துக் கொடுப்பதற்குள் வேன் தெருமுனை தாண்டிவிட்டது. அதனால் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன்.

உங்களுக்கு அனுப்பியதன் ஜோடி ஹோஸ் இங்கே இருந்தது. அதன் வாஷரை எடுத்து, பொடி எழுத்து படிக்கிற லென்ஸில் பார்த்தேன். வட்ட வளையம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. ஒரு பக்கம் தட்டை. இன்னொரு பக்கத்தில் மெல்லிய உதடு மாதிரி ஓர் ஓரம், ஹோஸின் உட்பக்கம் பார்த்துத் திறந்திருக்கிறது. உள்ளிருந்து அழுத்தினால் அந்த உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்த அழுத்த இன்னும் இறுகும். அதுதான் நான் வாளியில் பார்த்தது. வெளியிலிருந்து காற்று தள்ளினால் அதே உதடு மடிந்து வழி விடுகிறது.

நம்பிக்கை வராமல், ஹோஸின் மறுமுனையில் மூடியை மாட்டிவிட்டு வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். போகவில்லை. உறிஞ்சினேன். சுளுவாக வந்தது. கடைக்கு வந்த ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "அப்புறமா வரேன்" என்று போய்விட்டார்.

புது வாஷர் தேவையில்லை. இருப்பதையே கழற்றித் திருப்பிப் போடுங்கள். உதடு வெளியே பார்க்கட்டும். அப்போது வெளிக்காற்றே அதை இறுக்கிவிடும். ஓர் எச்சரிக்கை: அதன் பிறகு அந்த ஹோஸ் வழியாகக் கேஸ் ஏற்றாதீர்கள். அழுத்தம் வந்தால் இப்போது அந்தப் பக்கம் விட்டுவிடும். கேஸுக்கு உங்கள் பழைய மெல்லிய ஹோஸே போதும்.

பின்குறிப்பு: பாதை சரிந்துவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். வேன் எப்போது வரும் என்று தெரியாது. இந்தக் கடிதம் கல்லாவின் மேல் இருக்கிறது. தெரிந்த பதிலை வைத்துக்கொண்டு சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் பத்திரமாக மேலே வந்து சேர்ந்தாரா என்பதும் தெரியவில்லை.

நட்டு


மே 26

அன்புள்ள நட்டுவுக்கு,

உன் அண்ணன் வந்து சேர்ந்துவிட்டார். அவர் ஏறி முடித்த பிறகுதான் பாதை சரிந்தது. இனி வேன் இல்லை. சமையல்காரரின் மனைவி பையோடு இங்கேயே மாட்டிக்கொண்டார். மருந்து ஐஸ் பெட்டியில் இருக்கிறது, ஐஸ் கரைகிறது. நர்ஸம்மா பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "திறக்காதீங்க, திறந்தா சீக்கிரம் கரையும்" என்றேன். "திறக்கலன்னா எனக்கு என்னமோ பண்ணுது" என்றார்.

வாஷர் வராது என்று தெரிந்ததும், இருப்பதையாவது பார்ப்போம் என்று கழற்றினேன். கட்டை விரலால் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் ஓரம் தட்டுப்படுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே உன் அண்ணன் குடை பிடித்து வந்துகொண்டிருந்தார். காற்று உள்ளே புகுந்து குடை விறைத்தது, அடுத்த திருப்பத்தில் காற்று மேலிருந்து அடித்ததும் ஒரு பக்கம் தொய்ந்தது. இதுவும் அப்படித்தானோ என்று இரண்டு வாஷரையும் திருப்பிப் போட்டேன். தப்பாக இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

எண் ஆயிரத்தைத் தாண்டி இறங்கியது. ஐந்நூறைத் தாண்டியது. பம்பு எண்ணெய் பால் மாதிரி வெளுத்துவிட்டது, அவ்வளவு ஈரம். எண்ணெயை மாற்றி மறுபடி ஓட்டினேன், முந்நூறுக்குக் கீழே போனது. வால்வை மூடினேன். கொஞ்சம் ஏறி நின்றது. நின்றே இருந்தது. மெல்லிய ஹோஸில் கேஸ் ஏற்றினேன். தடி ஹோஸில் ஏற்றினால் இந்தத் திருப்பிப் போட்ட வாஷர் விட்டுவிடும் என்று தோன்றியது. சரியா என்று நீதான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் அறைக்குள் மூச்சு விட்டால் புகை தெரிந்தது. மருந்து உறைந்துவிடாத அளவுக்குக் குளிரை வைத்தேன். நர்ஸம்மா தன் கையாலேயே பெட்டியை உள்ளே வைத்தார். சமையல்காரரின் மனைவி பையை வாசலிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

போகும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "உள்ள இருந்த காத்தெல்லாம் போன பிறகும் பம்பு ஓடிக்கிட்டே இருந்துச்சே, ஒண்ணுமே இல்லாததை அது எப்படி இழுக்கும்?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். தெரியவில்லை.

அண்ணி


ஜூன் 11

அண்ணி,

அண்ணன் இன்று வந்தார். உங்கள் கடிதத்தையும் கல்லாவில் கிடந்த என் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒரே தேதி, ஒரே விடை. கேஸ் விஷயம் உட்பட. அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப எதுக்கு என்னை இத்தனை தடவை மலை ஏத்தி இறக்கினீங்க" என்கிறார்.

உங்கள் சமையல்காரரின் மனைவியின் கேள்விக்கு இரண்டு பழைய புத்தகங்களையும் ஒரு கல்லூரி வாத்தியாரையும் தொந்தரவு செய்தேன். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரைக்கும் எழுதுகிறேன். காற்று நெருக்கமாக இருக்கும் வரைதான் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடி வரும். அந்தக் கடைசிக் கட்டத்தில் பம்பு எதையும் இழுப்பதில்லை. பைப்புக்குள் மிச்சமிருக்கும் கொஞ்சம் காற்று தன்பாட்டுக்குச் சுவரில் மோதி மோதி அலைகிறது. அலைந்து அலைந்து தற்செயலாகப் பம்பின் வாய்க்குள் வந்து விழுந்தால், பம்பு அதைத் திரும்பிப் போக விடுவதில்லை. அவ்வளவுதான் அதன் வேலை. வழி குறுகலாகவும் நீளமாகவும் இருந்தால், வந்த காற்று பாதியிலேயே முட்டித் திரும்பிவிடும். ஹோஸ் ஏன் குட்டையாகவும் தடியாகவும் இருக்க வேண்டும் என்பதும் எனக்கு இப்போதுதான் புரிகிறது. இத்தனை வருஷம் புரியாமலே விற்றிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வைத்து அவருக்குப் புரிய வைக்க உங்களால் முடியுமா என்று தெரியவில்லை. கேட்டால் இன்னும் நாலு கேள்வி கேட்பார் போலிருக்கிறது. அந்த நாலு கேள்வி என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அண்ணனோடு வேனில் வருகிறேன். ஒரு வாரம் இருப்பேன். தட்டை வாஷர் ஒரு பை நிறையக் கொண்டு வருகிறேன். எனக்காக எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டாம். பசித்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

நட்டு